வெடியால வந்துரும்

விளக்கு வைப்பதற்கு முன்னால் ராமாமணி ஊசிகளை எண்ணிவிடுவாள். மொத்தம் ஒன்பது. தைல டப்பா மூடியில் மெழுகை உருக்கி ஊற்றி, அது இறுகியதும் அதில் வரிசையாகக் குத்தி வைத்திருப்பாள். சரவணம்பட்டியில் அவர்கள் குடியிருந்த வளவில் ஆறு வீடுகள். ஆறு வீட்டுக்காரர்களுக்கும் இந்த எண்ணிக்கை தெரியும். "என்ன அம்மிணி, உன்ற ஒம்பது உருப்படியும் பட்டிக்கு வந்து சேந்துருச்சா?" என்று எதிர்வீட்டுத் தெய்வாத்தாள், ஆடு மேய்க்கிறவளை விசாரிப்பது போலக் கேட்பாள். "வந்துருச்சுங்கக்கா" என்று ராமாமணியும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டிப் போகாது.

ஒரு ஊசி குறைந்தால் அது எங்கே போயிருக்கும் என்ற கேள்விக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. லாஸ்யாவின் வாய்.

லாஸ்யா ஒரே மகள். தொண்ணூற்றாறில் அவளுக்கு ஏழு வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்; ஆனால் பக்கத்து வீட்டில் தாளிக்கும் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். சோற்றைத் தவிர எல்லாம் தின்பாள் என்று வளவில் சொல்வார்கள். அது பொய். சோறும் தின்பாள். சோற்றோடு சுவர்ச் சுண்ணாம்பு, சோப்பு, மெத்தைப் பஞ்சு, தீக்குச்சி மருந்து, ரப்பர் செருப்பின் வார், விளக்குமாற்றுக் குச்சி, போட்டிருக்கும் கவுனின் கழுத்துப் பட்டி எல்லாம் தின்பாள். வீட்டுச் சுவரில் அவள் கை எட்டுகிற உயரம் வரைக்கும் சுண்ணாம்பு உரிந்து செங்கல் தெரியும். வருஷா வருஷம் அந்தக் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. மற்ற வீடுகளில் பிள்ளை வளர்வதைக் கதவு நிலையில் கோடு போட்டுப் பார்ப்பார்கள். ராமாமணிக்கு அந்த வேலையே இல்லை.

அப்படியொரு பிள்ளையை வைத்துக்கொண்டு ஊசி வேலை எதற்கு என்று கேட்காதவர்கள் கிடையாது. கேட்டவர்களில் ஒருத்தர்கூட வேறு வேலை கொண்டுவந்து கொடுத்ததில்லை. மில்லுக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? ஆர்.எஸ்.புரத்துப் பட்டுக்கடை ஒன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு மூட்டை சேலை வரும். ஃபால்ஸ் வைத்து, மேலே தையல் தெரியாமல் கையால் அடித்து, முந்தானை ஓரத்தை மடித்துக் கொடுக்க வேண்டும். உட்கார்ந்த இடத்து வேலை. ஒரு கண் சேலையில், ஒரு கண் பிள்ளையில். கண்ணைவிடக் காதுதான் அதிகம் வேலை செய்தது. லாஸ்யா எதையாவது சவைத்துக்கொண்டே இருக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் நல்லது. சத்தம் நின்றால் விழுங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

கணவன் சென்னகேசவன் கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரியில், இரும்பு ஊற்ற மணலில் அச்சுப் பிடிக்கும் மோல்டிங் வேலை பார்த்தான். நாளெல்லாம் கருப்பு மணலில் கிடந்துவிட்டு வருவான். சட்டைக் கையில் அந்த மணலும் எண்ணெயும் ஊறியிருக்கும். லாஸ்யாவுக்கு அது தின்பண்டம். அப்பா வாசலுக்கு வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள். பார்ப்பவர்கள் பாசம் என்று நினைப்பார்கள். அவள் சட்டைக் கையை வாயில் வைத்துக்கொண்டு உறிஞ்சுவாள். அதனால் அவன் நேராகக் கொல்லைப்புறத்துப் பொடக்காளிக்குப் போய், துணியை உயரக் கொடியில் போட்டு, தண்ணி வார்த்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவான். குளித்துவிட்டு வந்த அப்பாவை அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஒருநாள் இரண்டு நாள் என்றால் சிரித்துவிடலாம், வருஷக்கணக்கில் அப்படி என்றால் எந்த மனுஷனுக்கும் உள்ளே ஏதோ ஒன்று கெட்டுப்போகும். அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் அவர்கள் பேசுவது தெலுங்கு, வாசலைத் தாண்டினால் கோயமுத்தூர்த் தமிழ். எத்தனையோ தலைமுறையாக இந்த மண்ணிலேயே இருப்பவர்கள். அவசரத்தில் இரண்டும் கலந்துதான் வாயில் வரும்.

லாஸ்யாவுக்கு என்ன என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, டாக்டர்களைத் தவிர. வயிற்றில் பூச்சி என்றார்கள், பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. திருஷ்டி என்றார்கள், சுற்றிப் போட்டாயிற்று. சென்னகேசவனின் அக்கா கோமளா காங்கேயத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மட்டும் நேராக விஷயத்துக்கு வந்தாள். "நீ மாசமா இருக்கறப்ப சிலேட்டுக் குச்சி தின்னீல்ல? நா பாத்தனே. அதுதான் புள்ளைக்கு எறங்கிருச்சு."

தின்றது உண்மைதான். ஐந்தாம் மாதத்தில் ஆரம்பித்த ஆசை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி, அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துத் தின்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் சாம்பலும் சிலேட்டுக் குச்சியும் தின்பது ஊரில் புதிதா என்ன? தின்ற அத்தனை பேர் வயிற்றிலும் நல்ல பிள்ளைதான் பிறந்தது. ஆனால் கோமளா சொன்ன நாளிலிருந்து, மகள் சுவரைச் சுரண்டும்போதெல்லாம் ராமாமணியின் பல்லுக்கிடையில் அந்தக் குச்சி நறநறக்கும்.

கடைசியில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டர் லாஸ்யாவை ஒரு மணி நேரம் விளையாடவிட்டுப் பார்த்துவிட்டு, இதற்கு ஆட்டிசம் என்று பேர் என்றார். அவள் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள். "நீங்க தின்ன குச்சிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க. அதை விட்டுருங்க" என்றார் அவர். இரும்புச்சத்துக்கு டானிக் எழுதினார். சோப்பு, சுண்ணாம்பு, துணி போனால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு ஒன்று சொன்னார். "கூரா எது போனாலும் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஊசியோ ஆணியோ, அப்பவே தூக்கிட்டு வந்து எக்ஸ்ரே படம் எடுத்துப் பாக்கணும். காலையில பாத்துக்கலாம்னு இருந்துராதீங்க."

ராமாமணி அதைப் பாடம் போல மனதில் ஏற்றிக்கொண்டாள்.

அவள் செய்து பார்க்காதது இல்லை. கவுன் கழுத்தில் வேப்பெண்ணெய் தடவினாள். நாலு நாளில் லாஸ்யாவுக்கு வேப்பெண்ணெய் பிடித்துப்போயிற்று. பனங்கிழங்கு, கரும்பு, தேங்காய்ச் சில்லு என்று கடிக்கக் கடிக்கத் தீராத சாமான்களாக வாங்கிக் கொடுத்தாள். அடுப்பில் வேலையாக இருக்கும்போது கயிற்றால் தன் இடுப்பையும் மகள் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். எல்லாவற்றையும்விட உருப்படியாக ஒன்றைக் கற்றுக்கொடுத்தாள். உள்ளங்கையை நீட்டி "உம்மு" என்பாள். தெலுங்கில் துப்பு என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்கு லாஸ்யா கட்டுப்பட்டாள். வாயில் இருப்பதை அம்மாவின் கையில் துப்புவாள். அதற்கு மூன்று வருஷம் பிடித்தது. தாய்க்கும் மகளுக்கும் நடந்த பேச்சுவார்த்தை எல்லாமே அதுதான்.

சில சமயம் உம்மு சொல்வதற்குள் உள்ளே போய்விடும். பாசிமணி, சட்டைப் பொத்தான், ஒருமுறை பேனா மூடி. அந்த மாதிரி நாட்களில் வளவே கூடி ஆறுதல் சொல்லும். ஆறுதல் எப்போதும் ஒரே வார்த்தை. "கவலப்படாத, வெடியால வந்துரும்." விடியற்காலையில் ராமாமணி பொடக்காளியில் குச்சியை வைத்துக்கொண்டு கிளறிப் பார்ப்பாள். வந்திருக்கும். தண்ணீர் பிடிக்கப் போகும்போது ஆளாளுக்கு, "வந்துருச்சா?" என்று கேட்பார்கள். வேறு வளவுகளில் பால்காரன் வந்துவிட்டானா என்று கேட்பதைப் போல.

அந்த வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது சேலை குவிந்து கிடந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு லாஸ்யா எங்கிருந்தோ ஈர மண்ணை அள்ளித் தின்று, தலையெல்லாம் பூசிக்கொண்டு வந்து நின்றாள். ராமாமணி கையிலிருந்த சேலையை மடித்து, ஊசி மூடியை மேல் அலமாரியில் ஏற்றி வைத்துவிட்டு, மகளைப் பொடக்காளிக்கு இழுத்துப் போய்த் தண்ணி வார்த்தாள். லாஸ்யாவுக்குத் தலையில் தண்ணீர் பட்டால் ஆகாது. அவள் போட்ட கூச்சலில் வாசலில் யானை வந்து நின்றிருந்தாலும் தெரிந்திருக்காது.

துவட்டி, வேறு கவுன் போட்டு, உட்கார வைத்து, மறுபடி சேலையை எடுத்து ஒரு முழம் அடித்து முடித்தாள். பொழுது இறங்கியது. ஊசிகளை எண்ணினாள்.

எட்டு.

மறுபடி எண்ணினாள். மூடியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அடித்து முடித்த சேலைகளைப் பிரித்து உதறினாள். பாயைத் தூக்கினாள். தரையைக் கையால் தடவிக்கொண்டே மூலை வரைக்கும் போனாள். மூலையில் லாஸ்யா உட்கார்ந்திருந்தாள். உதடு ஒட்டியிருந்தது. சவைக்கும் சத்தம் இல்லை. முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

"லாஸ்யா, உம்மு."

மகள் சொன்ன பேச்சுக் கேட்டாள். அம்மாவின் உள்ளங்கையில் எச்சிலோடு விழுந்தது ஒரு விரல் நீளத்துக்கு அரக்கு நூல். ராமாமணி சாயங்காலம் வரை கோத்துக்கொண்டிருந்த அதே நூல். வெறும் நூல்.

விரலை விட்டுக் கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி எல்லாம் தடவிப் பார்த்தாள். லாஸ்யா கடித்துவிட்டாள். வாயில் ஒன்றும் இல்லை. ராமாமணி வாசலுக்கு ஓடிவந்தபோது, எதிர்வீட்டில் தெய்வாத்தாள் அப்போதுதான் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் வீட்டுக்கு மருமகன் வந்திருந்தான். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். விளக்கு வைத்த பிறகு ஊசியின் பேரைச் சொல்லக் கூடாது. கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. உப்புக்கும் இதே சட்டம்தான், ஆனால் உப்பைவிட ஊசிக்குக் கெடுபிடி ஜாஸ்தி. வீட்டு லட்சுமி கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்பார்கள். பேரைச் சொன்னதற்கே கோபித்துக்கொள்கிறவள் இருந்தால் என்ன, போனால் என்ன என்று கேட்கிற துணிச்சல் அந்த வளவில் யாருக்கும் இல்லை. ராமாமணிக்கும் இல்லை. உயிர் போகிற நேரத்திலும் பழகிய வாய் பழகியபடிதான் திறக்கும்.

"அக்கா, என்றுது ஒண்ணு கொறையுதுங்க."

"எது கண்ணு?"

"அதானுங்க…" கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து நூல் இழுப்பது போலக் காட்டினாள்.

தெய்வாத்தாளுக்குப் புரிந்துவிட்டது. விளக்கைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கினாள். "ஓ, அதா? அது எங்க போயரப் போவுது? வெடியால வந்துரும். இப்ப அதப் பத்திப் பேசாத. போ, போயிப் புள்ளைக்குச் சோத்தப் போடு." உள்ளே மருமகன் கூப்பிட்டான். அவள் போய்விட்டாள்.

வெடியால வந்துரும். அப்படியென்றால் இவள் பார்த்திருக்கிறாள். பிள்ளை விழுங்கியதைப் பார்த்திருக்கிறாள், அல்லது பார்க்காமலே தெரிந்துகொண்டாள். பாசிமணிக்குச் சொன்ன அதே வார்த்தையை இதற்கும் சொல்கிறாள். ராமாமணி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தி ரோட்டுக்கு நடந்தாள். இது வரைக்கும் அவள் செய்தது எல்லாமே ஒரு தாய் செய்ய வேண்டியதுதான்.

ஏழு மணி இருக்கும். முதல் பஸ் தீபாவளிக் கூட்டத்தோடு பிதுங்கிக்கொண்டு வந்தது, நிற்காமல் போனது. அது அவள் தப்பில்லை. இரண்டாவது பஸ் பத்து நிமிஷத்தில் வந்தது. சரியாக அவள் முன்னால் நின்றது. உள்ளே சீட் காலியாகக் கிடந்ததை அவள் பார்த்தாள். கண்டக்டர் தலையை நீட்டி, "காந்திபுரம், காந்திபுரம்… ஏறுங்கம்மா, புள்ளைய மொதல்ல ஏத்துங்க" என்றார்.

ராமாமணி காலைத் தூக்கவில்லை.

லாஸ்யா பஸ்ஸின் விளக்கைப் பார்த்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். அவளுக்கு விளக்கு பிடிக்கும். வயிற்றுவலி மாதிரி தெரியவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தாள். ராமாமணியின் மனதில் அந்த நேரம் என்ன ஓடியது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் ஓடவில்லை. வீட்டுச் சுவருக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று தோன்றியது. அடித்தால் அப்படியே நிற்கும் என்று தோன்றியது. சுவர் கீழே வரைக்கும் வெள்ளையாக, ஒரு கீறல் இல்லாமல் கண்ணில் தெரிந்தது. அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்டக்டர் ஏதோ முணுமுணுத்துவிட்டு விசில் கொடுத்தார்.

மூன்றாவது பஸ்ஸுக்கு அவள் கைகூடக் காட்டவில்லை. அது போன பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் பெட்டிக்கடையில் வாழைப்பழம் வாங்கினாள். சோற்றில் பிசைந்து ஊட்டினாள். லாஸ்யா நன்றாகச் சாப்பிட்டாள்.

வழக்கமாக ஏழரைக்கு வருகிற சென்னகேசவன் அன்றைக்கு ஒன்பது மணிக்கு வந்தான். பவுண்டரியில் வேலை இழுத்துவிட்டது என்றான். தண்ணி வார்த்துக்கொண்டு, சாப்பிட்டு, படுத்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மகளின் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள், கை தூங்கவே இல்லை.

விடிந்தும் விடியாத நேரத்தில் தெய்வாத்தாள் வாசல் தெளித்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "இந்தா அம்மிணி உன்ற ஊசி. நேத்து நாலு மணிக்கு எடுத்துட்டுப் போனேன். தலகாணி ஒறை பிரிஞ்சு பஞ்சு கொட்டுது, மருமகன் வாராரு, என்ன பண்றது? கூப்புட்டேன், நீ புள்ளைக்குத் தண்ணி வாத்துட்டு இருந்தே. அலமாரியில கைய உட்டு ஒண்ணை எடுத்து, கோத்திருந்த அரக்கு நூல உருவிப் போட்டுட்டுக் கொண்டுபோனேன். வெளக்கு வெச்சதுக்கப்பறம் திருப்பிக் குடுக்கப்படாதல்லொ. அதான் சொன்னனே, வெடியால வந்துரும்னு."

ராமாமணி கையை நீட்டி ஊசியை வாங்கிக்கொண்டாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறியபோதுதான் தெய்வாத்தாளுக்கு விஷயம் உறைத்தது. "அய்யோ சாமீ, புள்ள முழுங்கிருச்சுன்னா நெனச்சே?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பத்து நிமிஷத்தில் வளவே கூடிவிட்டது. ஒருத்தர் பாக்கியில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சென்னகேசவனும் பல் விளக்கிக்கொண்டே வந்து கேட்டான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. ராத்திரியே ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. வாயைக் கொப்பளிக்கப் போய்விட்டான்.

அன்றைக்குக் காலையில் ராமாமணி பஸ் ஏறினாள். ஊசி கையில் கிடைத்த பிறகு டாக்டரிடம் போய், படம் எடுத்தே ஆக வேண்டும் என்று நின்றாள். எடுத்தார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ஒண்ணுமில்லாததுக்கே இப்படி ஓடி வர்றீங்க. உங்களை மாதிரி ஒரு அம்மா கிடைக்க இந்தக் குழந்தை கொடுத்து வெச்சிருக்கணும்" என்றார். அவள் படத்தை வாங்கிச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து, படிக்கட்டில் நின்று வாந்தி எடுத்தாள்.

அதற்குப் பிறகு வளவில் அது ஒரு வார்த்தையாகிவிட்டது. கரண்ட் போனால் "வெடியால வந்துரும்." கோழி காணாமல் போனால் "வெடியால வந்துரும்." யார் சொன்னாலும் ராமாமணியும் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டியிருந்தது. ஊசி திரும்பி வந்துவிட்டது, ஆனால் அந்த இரண்டாவது பஸ் அவளைவிட்டுப் போகவில்லை. அடுப்படியில் நிற்கும்போது பிரேக் சத்தம் கேட்கும். கதவு திறந்தே இருக்கும். காலைத் தூக்கு, தூக்கு என்று தனக்குத்தானே சொல்லுவாள். கனவில்கூடக் கால் எழாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று சென்னகேசவன் இரண்டு தடவை சொன்னான். வேண்டவே வேண்டாம் என்று கத்தினாள். சுண்ணாம்புக்குப் போய் ஒரு பெண்பிள்ளை அப்படிக் கத்துவாளா என்று அவன் விழித்தான்.

பார்க்கிறவர்களுக்கு அவள் முன்னைவிட நல்ல தாயாகத் தெரிந்தாள். ஊசி வேலையை விட்டுவிட்டாள். நகரத்தில் ஒரு தேவாலயத்தை ஒட்டி இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடந்தது. தினமும் இரண்டு பஸ் மாறி மகளைக் கூட்டிப் போனாள். அங்கே ஜெனிதா என்று ஒரு டீச்சர். வெடுக்கென்று பேசுவாள், ஆனால் விஷயம் தெரிந்தவள். "புடுங்காதீங்க, மாத்திக் குடுங்க. வாய்க்கு ஒரு வேலை வேணும் அவளுக்கு. நம்ம குடுக்கலைன்னா அவளே தேடிக்குவா" என்று சொல்லி, சுத்தமான கெட்டி ரப்பர் வளையம் ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டாள். எத்தனை மணிக்கு என்ன கடிக்கக் கொடுப்பது என்று பட்டியல் போட்டுக் கொடுத்தாள். ஒரு வருஷத்தில் லாஸ்யா சுவரை விட்டாள். சோப்பை விட்டாள். துணி மட்டும் பாக்கி. எல்லோரும் ராமாமணியைப் புகழ்ந்தார்கள். ஒவ்வொரு புகழ்ச்சியும் அவளுக்குத் திருடிய பொருள் மாதிரி கையில் சுட்டது.

தொண்ணூற்றெட்டு சித்திரையில் காங்கேயத்தில் கோமளா வீட்டு விசேஷம். மூன்று பேரும் போனார்கள். கோமளாவின் கணவர் நரசிம்மலு எண்ணெய் ஆலை வைத்திருந்தார். களத்தில் கொப்பரை காய்ந்தது. லாஸ்யா ஒரு மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு நாளெல்லாம் கடித்தாள். கடிப்பது தின்கிற பொருளாக இருந்ததால் அன்றைக்கு ஒருத்தரும் அவளைத் தடுக்கவில்லை. ராமாமணிக்கே கொஞ்சம் மனசு இளகியது. பந்தியில் உட்கார்ந்தபோதுதான் நரசிம்மலு ஆரம்பித்தார். பாதிக் கதையைத் தானே சேர்த்துக்கொண்டு, ஊசிக் கதையை வந்திருந்த சொந்தக்காரர்கள், ஊர் ஒறம்பரைக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். "அந்தம்மா வெடியால வந்துரும்ங்குது, இந்தம்மா வெடியிற வரைக்கும் புள்ள வவுத்தையே பாத்துட்டு உக்காந்துருக்குது!" பந்தியே சிரித்தது. ராமாமணியும் இலையைப் பார்த்தபடி சிரித்தாள்.

மறுநாள் திரும்பும்போது காந்திபுரத்தில் சத்தி ரோட்டு பஸ்ஸில் ஏறினார்கள். மத்தியானம் மூன்று மணி. மூன்று பேர் சீட்டில் லாஸ்யா நடுவில் உட்கார்ந்து வளையத்தைக் கடித்துக்கொண்டு வந்தாள். சென்னகேசவன் ஜன்னல் ஓரம். கணபதியைத் தாண்டியதும் ராமாமணி சொன்னாள். ஒன்றரை வருஷமாகச் சொல்லாததை, டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"அன்னைக்கு நா ஊட்ல உக்காந்திருக்கலீங்க. பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பஸ்ஸும் வந்துது. சீட்டும் இருந்துது. நா ஏறல."

அவன் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. "தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"நா எதுத்த ஸ்டாப்புல எறங்குனேன். நீ புள்ளையப் புடிச்சுட்டு நின்னதப் பாத்தேன். ரெண்டு பஸ்ஸு போச்சு, நீ ஏறல."

"பாத்துட்டா சும்மா இருந்தீங்க? ஊசின்னு தெரிஞ்சும்…"

"ஊசி எனக்கு எங்க தெரியும்? அது வெடியாலதான தெரிஞ்சுது." கருப்பு மணல் ஏறிய நகத்தைச் சுரண்டினான். "நா வேற நெனச்சேன். நீ புள்ளைய மட்டும் பஸ்ல ஏத்தியுட்டுப்போட்டு கீழயே நின்னுக்குவீன்னு நெனச்சேன். எங்கியாச்சும் போயிச் சேரட்டும்னு."

"அப்படி நெனச்சீங்கன்னா, ஏன் ரோட்டத் தாண்டி வந்து புடிக்கல?"

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு, மறுபடி கிளம்பியது.

"அதுக்குத்தான் வரல" என்றான். "ஏத்தியுட்டா உட்டுறட்டும்னு டீக்கடைக்குப் பின்னால போயி நின்னேன். நீ அவளக் கூட்டிட்டு ஊட்டுக்குப் போறதப் பாத்தேன். அதுக்கப்பறமும் அங்கியே நின்னேன். ஒம்பது மணி வரைக்கும் எனக்கு ஊட்டுக்கு வர மூஞ்சி இல்ல."

ராமாமணி அழவில்லை. அவனைத் திட்டவும் இல்லை. திட்டுவதற்கு அவளிடம் என்ன இருந்தது? இத்தனை நாளும் அந்த ரோட்டின் இந்தப் பக்கத்தில் தான் மட்டும் தனியாக நின்றதாக நினைத்திருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவள் எதுவும் காதில் விழாதவளாக, வெயிலில் மின்னும் ஜன்னல் கம்பியைப் பார்த்து முன்னும் பின்னும் ஆடினாள்.

"சரவணம்பட்டி, சரவணம்பட்டி… எறங்கறவங்க வாங்க" என்று கண்டக்டர் கத்தினார். பஸ் நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஆளுக்கொரு பக்கம் லாஸ்யாவின் கையைப் பிடித்தார்கள். பிடித்த பிடியில் பிள்ளை வலி தாங்காமல் வீறிட்டாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். படியில் இறங்கும்போதும், ரோட்டைத் தாண்டும்போதும், வளவு வாசல் வந்த பிறகும் இரண்டு பேரும் கையை விடவில்லை.